ஒரு சிட்டிகை குறைவு

2023 செப்டம்பர் 13, புதன்கிழமை. அக்ரினியோ நகரில் மேனியோஸின் துப்பாக்கிக் கடையில் வெடிமருந்து இல்லை. காட்டுப்பன்றி வேட்டைக்கு அந்த வருடத்தின் முதல் நாள் வரும் சனிக்கிழமை.

"ஒரு டப்பா கூடவா இல்ல?" என்றான் தீமியோஸ்.

"டப்பா இருக்கு. உள்ளதான் ஒன்னும் இல்ல. வேணும்னா எடுத்துட்டுப் போ, உன் பொண்டாட்டி பயறு போட்டு வெச்சுக்கட்டும்."

"போன மாசம் வரும்னு சொன்னியே."

"எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க. அங்க சண்டையில பீரங்கிக்கே மருந்து பத்தலையாம் தீமியோ. பீரங்கிக்குப் போக மிச்சம் இருந்தா சிப்பாய்க்கு. சிப்பாய்க்குப் போக மிச்சம் இருந்தா இத்தாலிக்காரனோட கௌதாரிக்கு. நம்ம ஊர் பன்னிக்கு யாரு குடுப்பா?"

கண்ணாடி அலமாரியில் கடைத் தோட்டாக்கள் கொஞ்சம் இருந்தன. ஒற்றைக் குண்டுத் தோட்டா, ஐந்து கொண்ட பெட்டி. போன வருடம் இரண்டு பெட்டி வாங்கிய காசுக்கு இப்போது ஒன்று. உரிமத்துக்கு ஒரு பெட்டிதான் என்று ஒரு அட்டையில் எழுதி மேனியோஸ் ஒட்டியிருந்தான். தீமியோஸ் அந்த அட்டையைப் படித்தான். படித்து முடித்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கேப்பாவது இருக்கா?"

"கேப்பு தர்றேன். கேப்பு மட்டும் வெச்சு என்ன செய்வ? பன்னி காதுல போய் 'டப்'புனு அடிப்பியா?"

"வீட்ல டப்பா அடியில கொஞ்சம் கிடக்கு."

"கொஞ்சம்னா?"

"கொஞ்சம்னா கொஞ்சம்."

தோட்டாவின் அடியில் பதித்துப் பொறி தட்டும் அந்தச் சின்னக் கேப்புகளை மேனியோஸ் எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தான். வாசல்வரை வந்து, "பழசு புதுசு எதையும் ஒன்னாக் கலந்துடாதப்பா," என்றான். தீமியோஸ் கையை அசைத்துவிட்டு வண்டியில் ஏறினான். அவன் எதையும் கலக்கவில்லை என்பதைப் பிறகு எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

தீமியோஸின் மக்காச்சோள வயல் அகெலோஸ் ஆற்றுக்கும் ஓக் மரக்காட்டுக்கும் நடுவே இருக்கிறது. குத்தகை நிலம். வசந்தத்தில் மழை விடாமல் பெய்ததால் அந்த வருடம் பிந்தித்தான் விதைத்தான். செப்டம்பர் நடுவில் கதிரில் பால் இறுகிக்கொண்டிருந்தது. பன்றிக்கு அதைவிடப் பிடித்த பதம் கிடையாது. குட்டிகளோடு கூட்டமாக இறங்கும். ஒரு கதிரைத் தின்ன நான்கு தட்டையைச் சாய்க்கும். காலையில் போய்ப் பார்த்தால் யாரோ குடித்துவிட்டு டிராக்டர் ஓட்டியதுபோல வயலில் வளையங்கள் கிடக்கும். இன்னும் மூன்று வாரம் காத்தால் கதிர் காய்ந்து, இயந்திரம் வந்து அறுத்துவிடும். தானியமாக வீடு சேர்ந்தால் மாடுகளுக்கு ஈஸ்டர்வரை கவலையில்லை. பச்சையாகவே வெட்டிப் போட்டால் கிறிஸ்துமஸ் தாண்டாது. வெளியே தீவனம் வாங்கலாம் என்றால், அந்த மாதத் தொடக்கத்தில் வந்த புயலில் மலைக்கு அந்தப் பக்கம் தெஸ்ஸாலி வயல்கள் தண்ணீருக்குள் போயிருந்தன. தீவனக்காரன் போனையே எடுப்பதில்லை.

அதனால் பன்றிகளைச் சுட வேண்டும், அல்லது குறைந்தபட்சம் சுட்டு விரட்ட வேண்டும். அதற்கு எட்டுப் பேர் கொண்ட கூட்டம் இருந்தது. தலைவன் ஃபோத்திஸ், தீமியோஸின் மனைவி லம்ப்ரினிக்கு அண்ணன். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் வயலுக்காகக் கூட்டம் இறங்குகிறதோ அந்த வயல்காரன்தான் தோட்டா கொடுக்க வேண்டும். ஆளுக்கு ஐந்து. அதோடு ரொட்டி, பாலாடைக்கட்டி, மது. போன வருடம் பாலைரோஸ் பக்கத்து ஆள் ஒருவன் மூன்று மூன்று தோட்டாவாகக் கொடுத்தான். அவன் பெயர் அத்தோடு போயிற்று. கடைத்தெருவில் அவன் வந்தால், "மூணு வருது பாரு" என்பார்கள்.

வியாழன் மாலை சமையலறை மேசையில் தோட்டா அடைக்கும் சாமான்கள் பரப்பியிருந்தன. மேசை விளிம்பில் திருகி மாட்டிய கைப்பிடி இயந்திரம், சின்னத் தராசு, காலிக் கூடுகள் நிறைந்த வாளி. கூடுகள் சிவப்பு, பச்சை, நீலம் என்று பல கம்பெனிகளுடையவை. கூட்டத்தார் வருடம் முழுக்கக் காட்டில் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தவை. அடுப்பில் ஒரு பக்கம் கீரைப் பணியாரத்துக்கு வெங்காயம் வதங்கியது. மறுபக்கம் குண்டு வார்க்கப் பழைய மீன்வலைகளின் ஈயம் உருகிக்கொண்டிருந்தது. லம்ப்ரினி இரண்டையும் ஒரே கையால் பார்த்துக்கொண்டாள்.

"ஜன்னலைத் திற," என்றாள். "ஈயப் புகையில போட்டாத்தான் பணியாரம் ருசிக்கும்னு எவன் சொன்னான்?"

"திறந்தா ஈரம் வரும். மருந்து ஆகாது."

"அப்ப நாங்க செத்தாலும் மருந்து நல்லா இருக்கணும்."

அவன் ஜன்னலைப் பாதி திறந்தான். உருகிய ஈயத்தை அச்சில் ஊற்றினான். ஆறிய குண்டுகளைத் துணியில் உருட்டித் துடைத்தான். பிறகு டப்பாவைக் கவிழ்த்துக் கிண்ணத்தில் மருந்தைக் கொட்டித் தராசில் நிறுத்தான். மறுபடியும் நிறுத்தான். உதடு அசைந்தது. முப்பதுக்குச் சரியாக வரும். நாற்பதுக்கு வராது.

"எத்தனைக்கு வருது?" என்றாள் லம்ப்ரினி, அடுப்பிலிருந்து திரும்பாமல்.

"வரும்."

"எத்தனைக்கு?"

"வரும்ங்கறேனே."

"அஞ்சுக்குப் பதிலா மூணு குடு. எங்க அண்ணன்தான தலைவன், அவன் என்ன கழுத்தையா அறுத்துடுவான்?"

"உங்க அண்ணன் அறுக்க மாட்டான். மத்தவங்க வாய் அறுக்கும். அந்தப் பாலைரோஸ்காரனை இன்னும் மூணுன்னுதான கூப்பிடறாங்க."

"கூப்பிட்டுட்டுப் போறாங்க. பேரால பால் குறையுதா?"

அவன் மருந்துக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தான். மருந்தை அளந்து ஊற்றும் பித்தளைக் குவளையின் அடியில் ஒரு திருகு உண்டு. அதைத் திருகினால் குவளையின் ஆழம் மாறும். பல வருடமாக அவன் அதைத் தொட்டதில்லை. திருகின்மேல் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அன்று ஒரு துணியால் பிடித்துத் திருகினான். ஒரு தோட்டாவுக்கு ஒரு பெரிய சிட்டிகை குறையும். பன்றி முப்பது அடிக்குள்தான் வரும், அந்தத் தூரத்துக்கு இது போதும் என்று கணக்குப் போட்டான். லம்ப்ரினி பணியாரத் தட்டோடு திரும்பியபோது அவன் விரல்கள் திருகின்மேல் இருந்தன. அவள் பார்த்தாள். தட்டை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு மாட்டுக் கொட்டிலுக்குப் போனாள்.

பிறகு அவன் ஒரே சீராக வேலை பார்த்தான். பழைய கேப்பைத் தட்டி எடுத்துப் புதியதை அழுத்துவது, மருந்து, தக்கை, குண்டு, கடைசியாகக் கைப்பிடியை இழுத்துக் கூட்டின் வாயை மடிப்பது. நாற்பது தோட்டா. ஐந்து ஐந்தாகக் கட்டிப் பழைய ரொட்டிப் பைகளில் போட்டான்.

சனிக்கிழமை விடிந்தபோது ஆற்றுமேல் பனி கிடந்தது. கூட்டம் வயலோரத்து ஆட்டுக் கிடையின் முன் சேர்ந்தது. ஆரஞ்சு மேலங்கிகள், கட்டிய நாய்கள், ஒரு குடுவையில் சீப்பூரோ சாராயம். நாய்க்காரன் ஸீஸிஸ் ஏற்கெனவே இரண்டு வாய் குடித்திருந்தான்.

"வயல்காரர் தோட்டா எங்க?" என்றான். "இல்ல, இந்த வருஷம் கவண்கல்லா?"

தீமியோஸ் பைகளைக் கொடுத்தான். ஸீஸிஸ் கையில் போட்டு எண்ணினான். "அஞ்சு! பாத்துக்கங்கப்பா, அஞ்சு. ஊரே மருந்துக்கு அழுவுது, இவன் வீட்ல மட்டும் எப்படிடா வருது? மாட்டுச் சாணியிலிருந்து எடுக்கறியா?"

"உன் வாயிலிருந்து எடுத்தேன். அங்கதான் எப்பவும் வெடிச்சுட்டே இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். ஃபோத்திஸும் சிரித்தான். அவன் பெரிய உடம்புக்காரன். அவனுடையது தானியங்கித் துப்பாக்கி. சுட்டதும் அதுவே காலிக் கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். தோட்டாக்களை ஒவ்வொன்றாக உள்ளே போட்டுக்கொண்டே, "மாப்ள, கடையில ஒரு பெட்டி என் பேர்லயும் வாங்கியிருக்கலாமே, சொல்லியிருந்தா?" என்றான்.

"எதுக்கு மச்சான்? கைச் சரக்கு இருக்கும்போது."

"அதுவும் சரிதான். உன் தோட்டாவை நம்பித்தான இத்தன வருஷம் நிக்கறேன்."

தீமியோஸ் குடுவையை வாங்கி ஒரு வாய் குடித்தான்.

பன்றிகள் பகலில் ஓக் காட்டின் முட்புதரில் படுத்திருக்கும். ஸீஸிஸ் நாய்களோடு கீழிருந்து நுழைந்து அவற்றை மேலே துரத்துவான். மேலே இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு கணவாய். அங்கும் அதன் ஓரங்களிலும் மற்றவர்கள் நிற்பார்கள். கணவாயை அடைத்து நிற்பவன் ஃபோத்திஸ். அவனுக்கு வலப்பக்கம், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் தீமியோஸ். நிற்குமிடத்தில் யாரும் பேசக் கூடாது, இருமக் கூடாது, சிகரெட் கூடாது. பன்றிக்குக் கண் மந்தம், காதும் மூக்கும் கூர்மை. ஒரு சத்தம் போதும், கூட்டம் அப்படியே திரும்பி வந்த வழியே கீழே பாயும். கீழே இருப்பது வயல்.

நாய்களின் குரைப்பு முதலில் எங்கோ கேட்டது. பிறகு ஒரே இடத்தில் கெட்டிப்பட்டது. பிறகு ஏறி வந்தது. தீமியோஸ் ஒரு மரத்தில் சாய்ந்து நின்றான். கால்சட்டை முட்டிவரை பனியில் நனைந்து கனத்தது. கீழே இலைகளுக்கு நடுவே அவன் வயலின் ஒரு மூலை தெரிந்தது. இன்னும் சாயாத மூலை. அவன் அதைப் பார்க்காமல் கணவாயையே பார்த்தான்.

முதலில் பெண்பன்றி வந்தது. நனைந்த கறுப்புப் பாறை நகர்வதுபோல வந்தது. பின்னால் குட்டிகள், அதற்கும் பின்னால் இரண்டு பெரியவை. நேராக ஃபோத்திஸின் பாறையை நோக்கி. ஃபோத்திஸ் துப்பாக்கியைத் தோளில் வைத்தது தீமியோஸுக்குத் தெரிந்தது.

வெடித்தது. வெடிக்க வேண்டியபடி வெடிக்கவில்லை. தலையணையைக் கம்பால் அடித்ததுபோல ஒரு சத்தம். மலை அதை வாங்கித் திருப்பிக்கூடக் கொடுக்கவில்லை.

தோட்டா அடைக்கிறவர்கள் எல்லோருக்கும் அந்தச் சத்தம் தெரியும். குண்டு வெளியே வரவில்லை, குழலுக்குள்ளேயே நிற்கிறது. அடுத்த தோட்டாவைச் சுட்டால் அதற்கு வழியில்லை. குழல் பிளக்கும், பிடித்திருக்கும் இடது கையும் சேர்ந்து. சுட்டவன் நிறுத்திக் குழலைப் பார்க்க வேண்டும். ஆனால் பத்து அடியில் பன்றி நிற்கும்போது எவன் பார்க்கிறான்? துப்பாக்கி தானாகக் கூட்டைத் தள்ளவில்லை என்று ஃபோத்திஸின் கை மட்டும் புரிந்துகொண்டது. அது பழக்கத்தில் பக்கவாட்டுக் கைப்பிடிக்குப் போனது, இழுத்தது. காலிக் கூடு தெறித்தது. அடுத்த தோட்டா ஏறியது.

"சுடாத!" என்று தீமியோஸ் கத்தினான். "மச்சான், சுடாத! குழல்ல நிக்குது! சுடாத!"

பெண்பன்றி இருந்த இடத்திலேயே சுழன்றது. குட்டிகள் அதன் வயிற்றுக்கடியில் புகுந்து திரும்பின. மொத்தக் கூட்டமும் சரிவில் இறங்கியது. ஸீஸிஸின் நாய்கள் எதிரே வந்து மோதி, பிறகு அவையும் சேர்ந்து கீழே ஓடின. இடது ஓரத்தில் நின்ற ஒருவன் சுட்டான். அந்தச் சத்தம் சரியாக இருந்தது; மருந்து குறைந்தாலும் எல்லாக் குண்டும் குழலில் நிற்பதில்லை. பிறகு மக்காச்சோளம் முறியும் ஓசை. நாய்களும் பன்றிகளும் வயலுக்குள் வட்டம் சுற்றுவது மேலிருந்து கேட்டது. நெடுநேரம் கேட்டது.

ஃபோத்திஸ் தோட்டாக்களை வெளியே எடுத்தான். குழலைக் கழற்றி வானத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தான். வெளிச்சம் தெரியவில்லை. ஒரு நேரான குச்சியை வெட்டி வாயிலிருந்து உள்ளே விட்டான். பாதியில் நின்றது. குச்சியைத் தீமியோஸ் பக்கம் காட்டினான்.

"இங்க," என்றான். "இடது கை பிடிக்கிற இடத்துல."

தீமியோஸ் பக்கத்தில் வந்து நின்றான். ஃபோத்திஸ் மீதித் தோட்டாக்களில் ஒன்றை எடுத்துக் கத்தியால் வாயைப் பிரித்தான். குண்டையும் தக்கையையும் கீழே போட்டுவிட்டு மருந்தை உள்ளங்கையில் கொட்டினான். விரலால் பரப்பிப் பார்த்தான்.

"ஈரம் இல்ல," என்றான்.

"இல்ல."

"பழசும் இல்ல."

"இல்ல மச்சான்."

"கம்மி."

தீமியோஸ் தலையை ஆட்டினான்.

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

ஃபோத்திஸ் கையை உதறினான். மருந்து புல்லில் விழுந்தது. "மூணு குடுத்திருந்தாலும் வந்திருப்போமேடா," என்றான். "ஒன்னு குடுத்திருந்தாலும் வந்திருப்பேன்."

மற்றவர்கள் ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஃபோத்திஸ் ஒரு காலிப் பையைத் தரையில் விரித்தான். அவர்கள் தங்களிடம் மிச்சமிருந்த தோட்டாக்களை அதில் போட்டார்கள். கடைசியாக ஸீஸிஸ் வந்தான். வியர்த்திருந்தான், முள் கிழித்த கன்னத்தில் ரத்தம் இருந்தது. அவனும் போட்டான். அவன் நக்கலாக ஏதாவது சொல்வான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். "நாய் ஒன்னு வரல," என்று மட்டும் சொன்னான். அது மதியத்துக்குள் வந்துவிட்டது.

இடது ஓரத்தில் சுட்டவனுக்கு ஒரு வயதுக் குட்டி கிடைத்திருந்தது. அதைக் கிடைக்கு இழுத்து வந்து தோலுரித்தார்கள். இறைச்சியை எட்டுக் கூறாக ஒரு தகரத்தின்மேல் வைத்தார்கள். கூறு போடுவதில் எங்கள் பக்கத்து முறை இது: ஒருவன் கூறுகளுக்கு முதுகு காட்டி நிற்பான். இன்னொருவன் ஒரு கூறின்மேல் கத்தியை வைத்து, "யாருக்கு?" என்று கேட்பான். முதுகு காட்டியவன் ஒரு பெயர் சொல்வான். கூறு பெரிதோ சிறிதோ அந்தப் பெயருக்குப் போகும். பெயர் சொல்வது எப்போதும் வயல்காரன்.

தீமியோஸ் கிடையின் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான்.

"யாருக்கு?" என்றான் ஃபோத்திஸ்.

"ஸீஸிஸுக்கு."

"இது யாருக்கு?"

சுட்டவனின் பெயரைச் சொன்னான். பிறகு மற்றவர்களின் பெயர்கள். ஆறாவதாக, "உனக்கு, மச்சான்," என்றான். ஏழாவதாக இன்னொரு பெயர். எட்டாவது கூறின்மேல் கத்தி நின்றது.

"இது யாருக்கு?"

தீமியோஸ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒன்னு மிச்சம் இருக்கு மாப்ள. யாருக்கு?"

மிச்சமிருந்த பெயர் அவனுடையதுதான். அவன் அதைச் சொல்லவில்லை, ஃபோத்திஸ் கத்தியை எடுக்கவும் இல்லை. ஸீஸிஸ் நாயின் கழுத்துப் பட்டையை அவிழ்ப்பதுபோல் குனிந்துகொண்டான். கொஞ்ச நேரம் கழித்து ஃபோத்திஸ் கத்தியைப் புல்லில் துடைத்து மடக்கினான். எல்லோரும் தங்கள் கூறை எடுத்துக்கொண்டு வண்டிகளில் ஏறினார்கள். தீமியோஸ் வயலுக்குள் இறங்கிப் போனான். ரொட்டியும் மதுவும் கூடையில் அப்படியே இருந்தன.

மாலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்கு வந்தபோது சமையலறையில் இறைச்சி வெந்துகொண்டிருந்தது. சின்ன வெங்காயம், மது, பிரிஞ்சி இலை. இயந்திரம் மேசை விளிம்பில் மாட்டியபடியே இருந்தது. அவன் அடுப்புச் சட்டியைப் பார்த்ததை லம்ப்ரினி பார்த்தாள்.

"உன் கூறை அண்ணன் கொண்டுவந்து வெச்சுட்டுப் போனான்," என்றாள். "உள்ள வரல. வண்டியை ஆஃப் பண்ணக்கூட இல்ல."

"என்ன சொன்னான்?"

"ஒன்னும் சொல்லல. கையைக் காமிச்சான். இடது கையை. இப்படித் தூக்கிக் காமிச்சுட்டுப் போயிட்டான்."

அவன் காலணியைக் கழற்றினான். சேறு உலர்ந்து தரையில் உதிர்ந்தது.

"வயல்?"

"குண்டு குழல்ல நின்னுடுச்சு, சுடாதன்னு கத்தினேன். எல்லாம் கீழ இறங்கிடுச்சு. நாயும் பன்னியுமாச் சுத்தி… நடுவுல பூரா படுத்துடுச்சு. ஆத்துப் பக்கம் மட்டும் நிக்குது."

அவள் மூடியைத் திறந்து கிண்டினாள். "ஏய்யா, நீ கத்தாம இருந்திருந்தா?"

"எல்லாம் கணவாய்க்கு வந்திருக்கும். பெரிசு ரெண்டும் விழுந்திருக்கும். மத்ததெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் ஓடியிருக்கும். திரும்ப மாசம் ஆகும்."

"அண்ணன்?"

அவன் கை கழுவப் போனான். தண்ணீர் ஓடும் சத்தத்துக்கு மேலாக அவள் சொன்னாள்: "நீ திருகினதை நான் பாத்தேன்."

"தெரியும்."

"எங்க அண்ணன் கைக்குப் போற தோட்டான்னும் தெரியும். பாத்துட்டுத்தான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனேன்."

அவன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தான். அவள் இரண்டு தட்டுகளில் பரிமாறினாள். இறைச்சி இளசு, எலும்பிலிருந்து தானாக விலகியது. அவன் ரொட்டி கேட்டான். அவள் கூடையிலிருந்த, காலையில் யாரும் பிரிக்காத ரொட்டியை அறுத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இறங்கவில்லை. அன்று ராத்திரியும் திங்கள் ராத்திரியும் பன்றிகள் ஆற்றுப் பக்கத்துக்கு வந்தன. செவ்வாய்க்கிழமை தீமியோஸ் வெட்டும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து, நின்றதையும் சாய்ந்ததையும் சேர்த்துப் பச்சையாகவே வெட்டிப் பிளாஸ்டிக்கில் சுற்றி அடுக்கினான். ஃபோத்திஸின் துப்பாக்கிக்கு எந்தச் சேதமும் இல்லை. குண்டை மரக்கட்டை வைத்துத் தட்டி எடுத்தார்கள். அக்டோபரில் மேனியோஸ் கடைக்கு மருந்து வந்தது. ஆளுக்கு ஒரு டப்பா. தீமியோஸ் வாங்கப் போகவில்லை. கூட்டத்தார் கடைத் தோட்டா வாங்கி, ஆளுக்கு இரண்டோடு வேட்டைக்குப் போனார்கள்.

தீவனம் டிசம்பர் பாதிவரை வந்தது. ஜனவரியில் ஏழு மாடுகளை விற்றார்கள்.